நீதிபதியின் காருக்குக் கறுப்புக் கண்ணாடி: விலக்கு தருவது யார்?

புது தில்லி: கார்க் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதற்கு 2012-ஆம் ஆண்டு நாடு முழுவதும் தடை விதித்தது உச்ச நீதிமன்றம். அந்தத் தடை நீதிபதிகளின் கார்களுக்கும் பொருந்துமா என்ற கேள்விக்குச் சட்டம் அளிக்கும் விடை மிகச் சுருக்கமானது: பொருந்தும். நீதிபதி என்ற பதவிக்காக எந்த விலக்கும் இல்லை. உயிருக்கு உள்ள அச்சுறுத்தலைக் கணக்கிட்டு, மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில் வைக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே விலக்குப் பெறும் வாய்ப்பு உண்டு. அதுவும் தானாக வருவதில்லை. அதிகாரிகள் குழு ஒன்று பரிசீலித்துச் சான்றிதழ் தர வேண்டும்.

விடை சுருக்கமாக இருந்தாலும் பிரச்சினை சிறியதல்ல. அரசுக்கு எதிரான வழக்குகளை விசாரிக்கும் நீதிபதி, தன் காரின் கண்ணாடிக்காக அதே அரசின் உள்துறைச் செயலரையும் காவல் துறைத் தலைவரையும் எதிர்பார்த்து நிற்கலாமா? மாறாக, நீதிமன்றம் தனக்குத் தானே விலக்கு அளித்துக்கொண்டால் அது தன் வழக்கில் தானே தீர்ப்பெழுதியது ஆகாதா? கறுப்பு ஃபிலிம் என்ற அற்ப விஷயத்துக்குள் அதிகாரப் பிரிவினை குறித்த பழைய சிக்கல் ஒன்று ஒளிந்திருக்கிறது.

<b>விதி 100 சொல்வது என்ன?</b>

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆவது விதி வாகனக் கண்ணாடிகளைப் பற்றியது. முன்புறக் கண்ணாடியும் பின்புறக் கண்ணாடியும் குறைந்தது 70 சதவீத ஒளியை ஊடுருவ விட வேண்டும். பக்கவாட்டுக் கண்ணாடிகளுக்கு இந்த அளவு 50 சதவீதம். கண்ணாடியைப் பொருத்தும்போது மட்டுமல்ல, வாகனம் சாலையில் ஓடும் காலம் முழுவதும் இந்த அளவு பராமரிக்கப்பட வேண்டும் என்பது விதியின் கருத்து.

விதி இருந்தும் ஏட்டளவில்தான் இருந்தது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத கார்கள் நாடெங்கும் ஓடின. வாகனங்களுக்குள் நடக்கும் குற்றங்களுக்குக் கறுப்பு ஃபிலிம் மறைப்பாகிறது என்று கூறி அவிஷேக் கோயங்கா என்பவர் தொடுத்த பொதுநல வழக்கில், 2012 ஏப்ரல் 27-ஆம் தேதி தலைமை நீதிபதி எஸ்.எச். கபாடியா, நீதிபதிகள் ஏ.கே. பட்நாயக், ஸ்வதந்தர் குமார் ஆகியோர் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. ஒளி ஊடுருவும் அளவு எவ்வளவாக இருந்தாலும் சரி, கண்ணாடியின் மேல் கறுப்பு ஃபிலிமோ வேறு எந்தப் பொருளோ ஒட்டக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பு. அதே ஆண்டு மே 4 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலையில் தயாராகும்போதே உரிய அளவுக்குள் நிறமேற்றப்பட்ட கண்ணாடிக்குத் தடை இல்லை.

ஃபிலிம் தயாரிப்பாளர்கள் விடவில்லை. தீர்ப்பை மாற்றக் கோரி மீண்டும் நீதிமன்றம் சென்றனர். 2012 ஆகஸ்டில் அந்த மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. அபராதச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியை அனுப்பிவிடக் கூடாது. ஃபிலிமை அந்த இடத்திலேயே அகற்ற வேண்டும் என்று காவல் துறைக்கு நீதிமன்றம் மேலும் கண்டிப்பாக உத்தரவிட்டது. அபராதத்தை மட்டும் நம்பியிருந்தால் தடை ஒரு நாளும் தாங்கியிருக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆவது பிரிவின்படி அன்று முதல் தவறுக்கான அபராதம் அதிகபட்சம் ரூ. 100. மீண்டும் சிக்கினால் ரூ. 300. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னரே இவை ரூ. 500, ரூ. 1,500 என உயர்ந்தன. விலையுயர்ந்த கார் வைத்திருப்பவருக்கு இந்தத் தொகை ஒரு நாள் பெட்ரோல் செலவு.

<b>தீர்ப்பில் உள்ள ஒரே ஜன்னல்</b>

முக்கியப் பிரமுகர்கள் பாதுகாப்பைக் காரணம் காட்டிக் கறுப்பு ஃபிலிம் பயன்படுத்துவதையும் 2012 தீர்ப்பு விட்டுவைக்கவில்லை. அந்த வழக்கத்துக்குச் சட்டத்தில் ஆதாரமே இல்லை. விதி 100-இலிருந்து அவர்களுக்கு விலக்களிக்கும் அறிவிக்கை எதுவும் நீதிமன்றத்தின் முன் வைக்கப்படவில்லை என்று அமர்வு சுட்டிக்காட்டியது. அதன் பிறகே ஒரு சிறிய ஜன்னல் திறந்துவிடப்பட்டது. 'இசட்', 'இசட் பிளஸ்' பாதுகாப்புப் பிரிவில் உள்ளவர்களின் விஷயத்தை, காவல் துறைத் தலைவர் அல்லது காவல் ஆணையரும் உள்துறைச் செயலரும் அடங்கிய குழு பரிசீலிக்கலாம். சான்றிதழ் அதிகாரபூர்வ காருக்கு மட்டுமே. சொந்தக் காருக்குக் கிடையாது.

இந்தப் பகுதியைக் கவனமாகப் படித்தால் மூன்று விஷயங்கள் தெளிவாகும். 'இசட் பிளஸ்' பாதுகாப்பு உள்ளவருக்கும் விலக்கு உரிமையல்ல. பரிசீலனைக்குரிய கோரிக்கை மட்டுமே. அடுத்து, பிரதமர், முதல்வர், ஆளுநர், நீதிபதி என்ற பதவிப் பெயர்களின் அடிப்படையில் விலக்கு வகுக்கப்படவில்லை. மூன்றாவதாக, தீர்ப்பை எழுதியவர்கள் மூன்று நீதிபதிகள். தங்கள் வர்க்கத்துக்கு ஒரு வரி சேர்த்துக்கொள்ள அவர்களுக்கு வாய்ப்பு இருந்தது. சேர்த்துக்கொள்ளவில்லை. இதை மறதி என்று கொள்வதற்கில்லை. அச்சுறுத்தல்தான் அளவுகோல், அந்தஸ்து அல்ல என்று முடிவு செய்தவர்கள், அந்த அளவுகோலைத் தங்கள் மீதும் வைத்துக்கொண்டார்கள் என்றே கருத வேண்டும்.

<b>அச்சம் கற்பனையல்ல</b>

விலக்குக் கேட்பவர்கள் தரப்பில் நியாயமே இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. நீதிபதிகளைக் குறிவைத்த தாக்குதல்களை இந்த நாடு கண்டிருக்கிறது.

1975 மார்ச் 20-ஆம் தேதி தலைநகரில், உச்ச நீதிமன்றத்திலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த தலைமை நீதிபதி ஏ.என். ராயின் காருக்குள் இரண்டு கையெறி குண்டுகள் வீசப்பட்டன. அவை வெடிக்காததால் அவரும் காரில் உடனிருந்தவர்களும் தப்பினர். நாட்டின் தலைமை நீதிபதி தம் காரில் எவ்வளவு பாதுகாப்பற்றவராக இருந்தார் என்பதற்கு அச்சம்பவமே சான்று. காரில் இருப்பவர் யார் என்று வெளியிலிருந்து அடையாளம் காண முடியாதிருந்தால் தாக்குபவனின் வேலை கடினமாகியிருக்கும் என்று வாதிட இடமுண்டு.

காஷ்மீரில் மக்பூல் பட்டுக்கு அமர்வு நீதிபதியாக இருந்து மரண தண்டனை விதித்தவர் நீலகண்ட கஞ்சு. 1984-இல் பட் தூக்கிலிடப்பட்டார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1989 நவம்பர் 4-ஆம் தேதி, ஓய்வு பெற்றுவிட்ட கஞ்சு ஸ்ரீநகரின் கடைவீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். பதவி போன பிறகும் தீர்ப்பு ஒரு மனிதரைத் துரத்தும் என்பதற்கு அவரது முடிவு சாட்சி.

அண்மைக்கால உதாரணத்தில் தமிழகத்துக்கும் தொடர்பு உண்டு. கர்நாடகத்தில் ஹிஜாப் வழக்கில் 2022 மார்ச்சில் தீர்ப்பளித்த மூன்று நீதிபதிகளுக்குப் பகிரங்கமாக மிரட்டல் விடுக்கப்பட்டது. தமிழகத்தில் கைது நடவடிக்கைகள் எடுக்கப்பட்டன. தலைமை நீதிபதி ரிதுராஜ் அவஸ்தி உள்ளிட்ட மூவருக்கும் 'ஒய்' பிரிவுப் பாதுகாப்பு அளிக்கப்படும் என்று அப்போதைய முதல்வர் பசவராஜ் பொம்மை அறிவித்தார்.

இங்கேதான் 2012 தீர்ப்பின் ஒரு விசித்திரம் வெளிப்படுகிறது. கொலை மிரட்டல் மெய்யாகவே வந்து, அரசே அதை ஏற்றுப் பாதுகாப்பு அளித்த நீதிபதிகள் 'ஒய்' பிரிவில் வைக்கப்பட்டார்கள். தீர்ப்பின் எழுத்தோ 'இசட்', 'இசட் பிளஸ்' பிரிவுகளைத்தான் குறிப்பிடுகிறது. அதாவது, அச்சுறுத்தலே அளவுகோல் என்று வகுத்த தீர்ப்பு, உண்மையான அச்சுறுத்தலுக்கு உள்ளான நீதிபதிகளுக்குக் கூட வாசல் திறக்கவில்லை. குறை இருப்பது இங்கே. இதைச் சரிசெய்வதற்கு எல்லா நீதிபதிகளுக்கும் விலக்கு என்பது மருந்தாகாது. பாதுகாப்புப் பிரிவுகளின் வரம்பை மறுபரிசீலனை செய்தாலே போதும். அரசு விரும்பினால் இது குறித்து விதிமுறைகள் வகுத்துக்கொள்ளலாம் என்று அதே தீர்ப்பு சொல்லியும் இருக்கிறது.

<b>விண்ணப்பிப்பவர் நீதிபதி, முடிவெடுப்பவர் அதிகாரி</b>

சுதந்திரமான நீதித் துறை என்ற கோணத்தில் எழும் ஆட்சேபம் இதைவிட ஆழமானது. நாட்டின் நீதிமன்றங்களில் மிகப் பெரிய வழக்காடி அரசாங்கம்தான். ஆட்கொணர்வு மனுக்களிலும் காவல் மரண வழக்குகளிலும் நீதிபதியின் முன் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் உள்துறைச் செயலரும் காவல் துறைத் தலைவரும். காலையில் நீதிமன்ற அவமதிப்புக்காக ஓர் அதிகாரியை நேரில் வரவழைக்கும் நீதிபதியின் பாதுகாப்புக் கோப்பு, மாலையில் அதே அதிகாரியின் மேசையில் இருக்கும். சலுகை காட்டினாலும் சந்தேகம், மறுத்தாலும் சந்தேகம்.

ஆனால், இந்த வாதத்தை இறுதிவரை இழுத்துச் சென்றால் அது கண்ணாடியோடு நிற்காது. நீதிபதியின் மெய்க்காவலரை அனுப்புவது யார்? வீட்டு வாசலில் காவலரை நிறுத்துவது யார்? மிரட்டல் கடிதம் பற்றிப் புலனறிந்து சொல்வது யார்? எல்லாமே அரசு நிர்வாகம்தான். ஆயுதமும் உளவுத் தகவலும் அதன் கையில் இருக்கும்வரை பாதுகாப்பு மதிப்பீட்டை வேறு எவரும் செய்ய முடியாது. செய்யத்தக்கது, அந்த மதிப்பீட்டில் நீதித் துறையின் குரலுக்கு இடம் தருவது. நீதிபதிகள் தொடர்பான கோரிக்கைகள் வரும்போது மட்டுமாவது உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் கருத்தைக் கேட்டறிய வேண்டும் என்று விதிமுறை வகுத்தால் பாதிச் சிக்கல் தீரும். இதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை.

<b>விமான நிலையத்தில் கிடைத்த விடை</b>

பாதுகாப்பும் அந்தஸ்தும் குழம்பிப்போன இன்னொரு வழக்கு இந்த விஷயத்தில் நேரடியாக வழிகாட்டுகிறது. ஜெய்ப்பூர் சாங்கனேர் விமான நிலையத்தில் பாதுகாப்புக் குறைபாடு குறித்து நாளிதழில் வந்த செய்தியை வைத்து, ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்குப் பதிவு செய்தது. விமான நிலையப் பாதுகாப்பைப் பற்றித் தொடங்கிய அந்த வழக்கு 2005-இல் முடிந்தபோது, உயர் நீதிமன்ற நீதிபதிகளையும் விமானம் ஏறுமுன் நடத்தப்படும் சோதனையிலிருந்து விலக்களிக்கப்பட்டோர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற உத்தரவாக உருமாறியிருந்தது. பாதுகாப்பு போதவில்லை என்று தொடங்கி, எங்களைச் சோதிக்காதீர்கள் என்று முடிந்த விந்தை அது.

மத்திய அரசு மேல்முறையீடு செய்தது. 2016 டிசம்பரில் தலைமை நீதிபதி டி.எஸ். தாக்குர் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி.ஒய். சந்திரசூட். யாரைச் சோதிப்பது, யாரை விடுவது என்பது அந்தப் பொறுப்பை ஏற்றுள்ள அரசு அமைப்புகள் தீர்மானிக்க வேண்டியது. பாதுகாப்பு கௌரவப் பிரச்சினை அல்ல. உயர் நீதிமன்றம் தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்பது தீர்ப்பின் சாரம். உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் பெயர் ஏற்கெனவே அந்தப் பட்டியலில் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தமக்கு உள்ளதை உயர் நீதிமன்றத்தார் கேட்டபோது மறுப்பது உச்ச நீதிமன்றத்துக்கு எளிது என்று அன்று வழக்கறிஞர்கள் முணுமுணுத்திருந்தால் அதில் வியப்பில்லை. எனினும் சொல்லப்பட்ட கொள்கை சரியானது. கார்க் கண்ணாடிக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

சுங்கச் சாவடி விவகாரம் இதற்கு மாறானது. தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் 2008-இல் யார் யாருக்குக் கட்டணம் இல்லை என்று ஒரு பட்டியல் உள்ளது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் உயர் நீதிமன்ற நீதிபதிகளும் அதில் பதவிப் பெயராலேயே இடம்பெற்றுள்ளனர். அங்கே விலக்கு பதவிக்குத் தரப்பட்டது. அதை அரசு வெளிப்படையாக விதியில் எழுதியது. அதன் நீட்சியாக, சுங்கச் சாவடிகளில் முக்கியப் பிரமுகர்களும் பதவியில் உள்ள நீதிபதிகளும் காத்திருக்க நேராதபடி தனி வழி அமைக்க வேண்டும் என்று 2018 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று பிறப்பித்த உத்தரவு நாடெங்கும் கடும் விமர்சனத்துக்கு உள்ளாயிற்று. கட்டணச் சலுகையைப் பொறுத்துக்கொண்ட பொதுமக்கள் தனி வழியைப் பொறுத்துக்கொள்ளவில்லை. வரிசையில் நிற்பவர்களுக்கு முன்னால் கடந்து போகும் கார் கண்ணுக்குத் தெரிகிறது. தள்ளுபடியான கட்டணம் தெரிவதில்லை.

சிவப்பு விளக்கின் கதை எல்லோருக்கும் நினைவிருக்கும். உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் 2013 டிசம்பர் 10-ஆம் தேதி நீதிபதிகள் ஜி.எஸ். சிங்வி, சி. நாகப்பன் ஆகியோர் அரசியல் சாசனப் பதவி வகிப்போருக்கும் உயர் பிரமுகர்களுக்கும் மட்டுமே சிவப்பு சுழல் விளக்கு என்று வரம்பு கட்டினர். 2017 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை அந்த வரம்பையும் துடைத்துவிட்டது. மே 1 முதல் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி உள்பட எவருடைய காரிலும் சிவப்பு விளக்கு இல்லை. நீதிமன்றம் சுருக்கியதை அரசு அடியோடு நீக்கியது. அதனால் எந்த நீதிபதியின் கடமையும் தடைப்படவில்லை.

<b>சாலையோரக் காவலரின் நிலை</b>

2012 டிசம்பர் 16-ஆம் தேதி இரவு தெற்கு தில்லியின் சாலைகளில் சுற்றிக்கொண்டிருந்த தனியார் பேருந்தை நாடு மறக்காது. 23 வயது மாணவி அதற்குள் சிதைக்கப்பட்டபோது பேருந்தின் ஜன்னல்களில் கறுப்புக் கண்ணாடியும் திரைச்சீலையும் இருந்தன. உச்ச நீதிமன்றத் தடை நடைமுறைக்கு வந்து அப்போது ஏழு மாதங்கள் கடந்திருந்தன. அதற்குப் பின் அறிவிக்கப்பட்ட நடவடிக்கைகளில் கறுப்புக் கண்ணாடியும் திரைச்சீலையும் உள்ள பேருந்துகளைப் பறிமுதல் செய்வதும் ஒன்று. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கொந்தளித்த அந்த வாரத்தில், ஏற்கெனவே இருந்த தடை ஏன் அமலாகவில்லை என்ற கேள்வி எல்லோருடைய மனதிலும் இருந்தது.

விடை தெரியாததல்ல. தடையை அமல்படுத்த வேண்டியவர் சாலையில் நிற்கும் காவலர். கறுப்புக் கண்ணாடி கொண்ட கார் வருகிறது. உள்ளே இருப்பவர் யாரென்று அவருக்குத் தெரியாது. அமைச்சரா, நீதிபதியா, அவர்களின் உறவினரா, கடத்தல்காரரா? நிறுத்தினால் தண்டனை மாறுதல் வருமோ என்ற பயத்தில் அவர் கையை இறக்கிவிடுகிறார். விலக்குப் பெற்ற ஒவ்வொரு புதிய வகையும் இந்தத் தயக்கத்தைக் கூட்டும். உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் உள்ள நீதிபதிகள் ஏறத்தாழ ஆயிரம் பேர் என்று வைத்துக்கொண்டாலும், மாவட்ட நீதிமன்றங்களிலும் அவற்றின் கீழும் பணிபுரிவோர் 20 ஆயிரத்துக்கும் அதிகம். நீதிபதிகளுக்கு விலக்கு என்றால் அதில் எந்தப் படிவரை? அடுத்த மாதமே தீர்ப்பாய உறுப்பினர்களும், மனித உரிமை ஆணையத்தினரும், நாடாளுமன்ற உறுப்பினர்களும் கேட்பார்கள். கேட்காமல் இருந்தால்தான் செய்தி.

கேரளத்தில் 2021 ஜனவரியில் மோட்டார் வாகனத் துறை 'ஆபரேஷன் ஸ்கிரீன்' என்ற பெயரில் கறுப்பு ஃபிலிமுக்கும் திரைச்சீலைக்கும் எதிராகச் சோதனை நடத்தியபோது அரசுக் கார்களே கேள்விக்கு உள்ளாயின. அமைச்சர்களின் கார்களில் திரை தொங்கும்போது சாதாரணக் குடிமகனின் காரை மட்டும் நிறுத்துவதா என்று மக்கள் கேட்டார்கள். சில நாள்களிலேயே சோதனை வேகம் இழந்தது.

<b>விதியே மாறிவிட்டது</b>

இதற்கிடையே விதி 100 திருத்தப்பட்டிருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் 'பாதுகாப்புக் கண்ணாடி' என்பதோடு, உட்புறம் பிளாஸ்டிக் படலம் சேர்ந்த கண்ணாடி வகைகளுக்கும் விதியில் இடம் கிடைத்தது. இதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி என். நகரேஷ், 70 சதவீதம், 50 சதவீதம் என்ற வரம்புக்குள் உள்ள ஃபிலிமை வாகன உரிமையாளரே ஒட்டிக்கொள்ளலாம். அதற்காக அபராதம் விதிக்க முடியாது என்று தீர்ப்பளித்தார். உச்ச நீதிமன்றத்தின் 2012 தடை பழைய விதியின் அடிப்படையில் அமைந்தது என்பது அவரது விளக்கம்.

இந்தப் பார்வை நிலைத்தால் வெயிலுக்காக ஃபிலிம் கேட்பவர்களின் குறை தீரும். நீதிபதியும் மற்றவர்களைப் போல அந்த அளவுக்குள் ஒட்டிக்கொள்ளலாம்; விலக்கே வேண்டாம். ஆனால் 50 சதவீத ஒளி ஊடுருவும் கண்ணாடி முகத்தை மறைக்காது. மறைப்புத்தான் வேண்டும் என்பவர்களின் கோரிக்கை அப்படியே நிற்கும். காவலர் கையில் ஒளி அளவைக் கருவி இல்லையென்றால், 50 சதவீதத்துக்கும் 30 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம் சாலையோரத்தில் வாக்குவாதமாகவே முடியும். அந்தத் தொல்லை வேண்டாம் என்பதற்காகத்தான் 2012-இல் எந்த அளவானாலும் கூடாது என்று ஒரேயடியாகச் சொல்லப்பட்டது.

<b>நாடாளுமன்றத்தின் இடம்</b>

நீதிபதிகளுக்கு என்ன வசதி தர வேண்டும் என்பதை நாடாளுமன்றம் ஏற்கெனவே சட்டமாக எழுதியிருக்கிறது. உயர் நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம், பணி நிபந்தனைகள் குறித்த 1954-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கான 1958-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அலுவலகக் காரும் மாதம் 200 லிட்டர் வரை பெட்ரோலும் உண்டு. பெட்ரோலின் லிட்டர் கணக்கையும் எழுதிய நாடாளுமன்றம், காரின் கண்ணாடியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

விலக்கு தேவை என்று அரசு கருதினால் வழி இருக்கிறது. விதி 100-ஐத் திருத்தி அறிவிக்கை வெளியிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 212-ஆவது பிரிவின்படி அந்த விதி நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும். உறுப்பினர்கள் அதில் மாற்றம் கோரலாம். ரத்து செய்யவும் கோரலாம். நடைமுறையில் அவையில் வைக்கப்படும் விதிகளைப் புரட்டிப் பார்க்கும் உறுப்பினர்கள் மிகக் குறைவு என்றாலும், முடிவு பகிரங்கமாக எடுக்கப்பட்டது என்ற பதிவாவது இருக்கும். உள்துறைச் செயலரின் கடிதமோ, நீதிமன்றத்தின் நிர்வாகப் பிரிவு அனுப்பும் சுற்றறிக்கையோ இதற்கு ஈடாகாது. 2021 திருத்தத்தின்போது அரசின் கையில் பேனா இருந்தது. அப்போதும் பதவிகளின் பட்டியல் எதுவும் சேர்க்கப்படவில்லை.

<b>கார் இல்லாத நீதிபதி</b>

கண்ணாடியைப் பற்றிய விவாதம் உயர் நீதிமன்றங்களைச் சுற்றியே நடக்கிறது. ஆபத்து பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. 2021 ஜூலை 28-ஆம் தேதி விடியற்காலையில் ஜார்க்கண்ட் மாநிலம் தன்பாதில் கூடுதல் மாவட்ட நீதிபதி உத்தம் ஆனந்த் உடற்பயிற்சிக்காக ஓடிக்கொண்டிருந்தார். காலியாகக் கிடந்த சாலையில் ஓர் ஆட்டோ அவரை நோக்கித் திரும்பி, மோதித் தள்ளிவிட்டுச் சென்றது. கண்காணிப்பு கேமரா பதிவை நாடே பார்த்தது. வழக்கு சிபிஐ-க்குப் போனது. சரியாக ஓராண்டு கழித்து, 2022 ஜூலை 28-இல் இருவர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, ஆகஸ்டில் அவர்களுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதை விசாரித்தபோது, நீதிபதிகள் மிரட்டல் குறித்துப் புகார் தெரிவித்தாலும் உளவுத் துறையும் சிபிஐ-யும் உதவுவதில்லை என்று அப்போதைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். நீதிபதிகளுக்கென்று தேசிய அளவில் தனிப் பாதுகாப்புப் படை அமைக்கலாமே என்ற யோசனைக்கு மத்திய அரசு இணங்கவில்லை. காவல் துறை மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளது. உள்துறை அமைச்சகம் 2007-இலேயே வழிகாட்டு நெறிகளை அனுப்பியிருக்கிறது. மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் நிலைப்பாடு. மாநிலங்களோ பணம் இல்லை, ஆள் இல்லை என்று கை விரிப்பது வழக்கம்.

கஞ்சு கடைவீதியில் நின்றிருந்தார். உத்தம் ஆனந்த் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். ஜாமீன் மறுத்த கையோடு மாலையில் பேருந்து நிறுத்தத்துக்கும் காய்கறிக் கடைக்கும் செல்லும் நீதித் துறை நடுவர்கள் ஒவ்வொரு தாலுகாவிலும் இருக்கிறார்கள். அவர்கள் தண்டித்தவனின் உறவினர்கள் அதே ஊரில் வசிக்கிறார்கள். 'இசட்' பிரிவு அவர்களுக்கு எட்டாது. கறுப்பு ஃபிலிம் ஒட்ட அவர்களில் பலரிடம் அரசுக் கார் கிடையாது. அவர்களின் குடியிருப்புக்கு ஒரு காவலர், நீதிமன்ற வாசலில் ஒரு சோதனை, மிரட்டல் வந்த அன்றே புகாரைப் பதிவு செய்யும் ஒரு காவல் நிலையம் ஆகியவையே 2007 வழிகாட்டு நெறிகள் வந்த நாளிலிருந்து கேட்கப்பட்டு வருகின்றன.